வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?

“வீட்டுக் கம்பியூட்டருக்கு எந்த என்டிவைரஸ் போட்டால் நல்லம் மகள்?”

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்த நாளிலிருந்து, பல்லேகலயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமிமாரும் சாச்சிமாரும் என்னைக் கண்டால் கேட்பது இதைத்தான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை முடிந்தது. “புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை மாமி, உள்ளே இருப்பதே போதும். அது விழித்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்” என்று நான் சொல்லும்போது முகம் மாறிவிடும். காசு கொடுக்காமல் வந்தது காவல் காக்குமா என்ற சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான், ஒரு காலத்தில் அது சரியாகவும் இருந்தது. எனவே ஒழுங்கையில் நின்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் நச்சுநிரல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தக் கதை எமக்கு அண்மையில்தான் தொடங்குகிறது. ஐ.பி.எம். வகைத் தனியாள் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986 ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற இரு சகோதரர்கள். அதன் பெயர் ‘பிரெய்ன்’. தாங்கள் ஆக்கிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே அதை எழுதியதாக அவர்கள் பின்னர் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் வைரஸின் உள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! நெகிழ்வட்டு நெகிழ்வட்டாக அது கடல் கடந்து போனது. 2011 இல் பின்லாந்தைச் சேர்ந்த மிக்கோ ஹிப்போனென் என்ற ஆய்வாளர் அந்த முகவரியைத் தேடி லாகூருக்குப் போனபோது, சகோதரர்கள் அங்கேயே தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

களவுப் பிரதியோடு தொடங்கிய கதை இது. எங்கள் வீடுகளில் இன்றும் அது களவுப் பிரதியோடுதான் தொடர்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முகவரி எழுதி வைத்த காலம் போய்விட்டது. மென்பொருட்களைச் சோதிக்கும் ஜேர்மனியின் ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம் ஒவ்வொரு நாளும் 450,000 இற்கும் மேற்பட்ட புதிய தீங்கு நிரல்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இத்தனையையும் ஒரு மென்பொருள் எப்படி அடையாளம் காண்கிறது? பல்லேகல மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர்கள் உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பைகளைத் திறந்து பார்ப்பார்கள். என்டிவைரஸின் முதல் வேலையும் அதுதான். ஏற்கனவே பிடிபட்ட நிரல்களின் கைரேகை போன்ற அடையாளங்கள் அதனிடம் உண்டு; வரும் கோப்பை அவற்றோடு ஒப்பிடும். அந்தப் பட்டியல் நாளுக்குப் பல தடவை புதுப்பிக்கப்படுவதால்தான் இணைய இணைப்பே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் கணினியில் என்டிவைரஸ் பாதிக் கண்ணை மூடியிருக்கிறது என்கிறோம்.

பட்டியலில் இல்லாத புதிய பொருள் வந்தால்? அதற்காக மைதானத்துக்குள்ளும் ஆட்கள் நிற்பார்கள். யார் வேலி மீது ஏறுகிறார்கள், யார் கூட்டத்தைத் தள்ளுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதேபோல, ஒரு நிரல் சில வினாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான படங்களைத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் அதன் நடத்தையைக் கொண்டு நிறுத்த முயல்வது இரண்டாவது வேலை. சந்தேகமான கோப்பைப் பற்றி நிறுவனத்தின் சேவையகத்திடம் இணையம் ஊடாகக் கேட்டு முடிவெடுப்பது மூன்றாவது. எந்தக் கம்பனியின் பெட்டியை வாங்கினாலும் உள்ளே நடப்பது இந்த மூன்றும்தான்.

இப்போது மாமியின் சந்தேகத்துக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2009 இல் ‘செக்கியூரிட்டி எசன்ஷல்ஸ்’ என்ற பெயரில் இலவசமாக ஒன்றைக் கொடுத்தது. அது நன்றாக இருக்கவில்லை. 2012 இறுதியில் ஏ.வி.-டெஸ்ட் அதற்குச் சான்றிதழ் கொடுக்க மறுத்தது. “விண்டோஸோடு வருவது சரிவராது, வேறு ஒன்று போட வேண்டும்” என்று கடைகளிலும் வீடுகளிலும் இன்றுவரை சொல்லப்படுவது அந்தக் காலத்துக் கதை. விண்டோஸ் 8 இலிருந்து ‘டிஃபென்டர்’ பணிசெயல் முறைமைக்குள்ளேயே சேர்ந்து வருகிறது. விண்டோஸ் 10, 11 காலத்தில் அது வேறு பொருளாகிவிட்டது. ஏ.வி.-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, கணினியை மந்தமாக்காமைக்கு 6, பயன்பாட்டுக்கு 6 என 18 புள்ளி கொடுக்கும். அண்மைய ஆண்டுகளில் டிஃபென்டர் பல சுற்றுக்களில் 18 ஐயோ அதற்கு மிக நெருங்கிய புள்ளியையோ பெற்று வருகிறது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் உள்ள ஏ.வி.-கொம்பரேட்டிவ்ஸ் என்ற இன்னொரு நிறுவனமும் இப்படிச் சோதிக்கிறது. இரண்டின் முடிவுகளையும் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சுற்றில் முதலாவதாக வந்ததைப் பார்த்து ஓடாமல், மூன்று நான்கு சுற்றுக்களில் நிலையாக இருப்பது எது என்று பாருங்கள். மேலே இருக்கும் ஏழெட்டுப் பெயர்களுக்கிடையே வித்தியாசம் பெரும்பாலும் மயிரிழைதான்.

அப்படியென்றால் காசு கொடுத்து வாங்குவது வீணா? வீண் என்று சொல்ல மாட்டேன். கடவுச்சொல் பெட்டகம், பிள்ளைகள் பார்க்கும் பக்கங்களைக் கட்டுப்படுத்தும் வசதி, சிக்கல் வந்தால் பேச ஓர் ஆள் என்று சிலவற்றைச் சேர்த்துத் தருகிறார்கள். அவை தேவைப்படும் வீடு வாங்கலாம். எமது பிராந்தியத்திலேயே பிறந்தவையும் உண்டு. கே7 என்பது சென்னையில் ஜெ. கேசவர்தனன் தொடங்கியது, ஜப்பானில் நீண்ட காலம் நன்றாக விற்பனையானது. குவிக் ஹீல் இந்தியாவின் புனே நகரில், கல்குலேட்டர் திருத்தும் கடை வைத்திருந்த அண்ணனும் கணினி படித்த தம்பியும் வளர்த்தது. (தமிழன் செய்தது என்பதற்காக வாங்குங்கள் என்று சொல்லவில்லை, தெரிந்திருப்பது நல்லது என்றுதான்.) ஆனால் 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350 ஐத் தாண்டியபோது, டொலரில் விலை போட்ட அனுமதிப்பத்திரங்களைப் பல வீடுகள் புதுப்பிக்கவில்லை. காலாவதியான அந்த மென்பொருள் கணினியை விட்டுப் போகாமல் மூலையில் இருந்துகொண்டு “புதுப்பியுங்கள்” என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. வேறு என்டிவைரஸ் நிறுவினால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே காலாவதியானதை வைத்திருப்பது ஒன்றுமே இல்லாததற்குச் சமமாகிவிடலாம். அதை முழுமையாக அகற்றி, கணினியை மீண்டும் இயக்குங்கள். டிஃபென்டர் திரும்பி வரும். இரண்டு என்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு கணினியைத் திணறடிக்கும்.

இன்னொரு விடயம் நம்பிக்கை. காவல்காரனிடம் வீட்டின் எல்லா அறைகளின் திறப்பும் இருக்கும். செக் நாட்டின் அவாஸ்ட் நிறுவனம், தன் என்டிவைரஸைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விபரங்களை ‘ஜம்ப்ஷொட்’ என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. விடயம் வெளிவந்ததும் 2020 இல் அத்துணை நிறுவனத்தை மூடினார்கள். 2024 இல் அமெரிக்க அதிகாரிகள் 16.5 மில்லியன் டொலர் கட்ட வைத்தார்கள். ரஷ்யாவின் கெஸ்பர்ஸ்கியை அதே 2024 இல் அமெரிக்கா தன் நாட்டில் தடைசெய்தது. சோதனைகளில் அது திறமையானதுதான், இலங்கையில் அப்படித் தடை இல்லை. வைத்திருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை, ஆனால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் எங்கள் பக்கத்து நினைவொன்று வருகிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் என்ன நடந்தது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்ட அந்த நாட்களில், உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்பதற்காகவே மக்கள் இலவச வி.பி.என். செயலிகளைப் பதிவிறக்கினார்கள். யார் செய்தது, எதைப் பார்க்கிறது என்று கேட்க அப்போது எவருக்கும் மனம் இருக்கவில்லை. அன்று போட்டதைப் பிறகு அகற்றியவர்கள் எத்தனை பேர்?

இனி அந்தக் களவுப் பிரதிக் கதை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் நடந்தது. அந்த வீட்டு நானா, தங்கையின் கல்யாண வீடியோவைத் தானே வெட்டி ஒட்ட நினைத்து, விலை கூடிய ஒரு மென்பொருளின் ‘கிராக்’ பிரதியை இணையத்தில் தேடி எடுத்தார். அதோடு வந்த குறிப்பில் முதல் வரியே, நிறுவ முன்னர் என்டிவைரஸை நிறுத்தும்படி சொன்னது. நிறுத்தினார். சற்று நேரத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுவது போல ஒரு சாளரம் தோன்றியது. அது முடிந்தபோது கல்யாணப் படங்கள், தங்கையின் பாடக் குறிப்புகள், மௌத்தாகிப்போன உம்மம்மாவின் கடைசிப் பெருநாள் படங்கள் எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு கடிதம்: 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பாதி, 490.

இதைச் செய்த நிரற்குடும்பத்துக்கு ‘ஸ்டொப் ஜாவு’ என்று பெயர். பெரிய கம்பனிகளை விட்டுவிட்டு, கிராக் தேடும் வீட்டுக் கணினிகளையே குறிவைத்துத் தெற்காசியா முழுவதும் பரவியது. கோப்பைப் பூட்டும்போது இணையத்தில் தன் எசமானரோடு தொடர்பு கிடைத்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறப்பு. கிடைக்காவிட்டால் உள்ளேயே வைத்திருக்கும் பொதுத் திறப்பு. பொதுத் திறப்பால் பூட்டப்பட்டவை சிலவற்றைத் திறக்கும் கருவியை நியூசிலாந்தின் எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 ஒக்டோபரில் இலவசமாக வெளியிட்டது. தனித் திறப்பு என்றால் வழியில்லை. நானாவின் கணினியில் தனித் திறப்பு. ஒரு சிறு ஆறுதல்: இந்த நிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டு அளவைத்தான் பூட்டும், ஆகவே நீண்ட வீடியோக்கள் சிலவற்றை ஓரளவு மீட்க முடிந்தது. படங்கள் போனது போனதுதான்.

கவனியுங்கள், அந்தக் கணினியில் என்டிவைரஸ் இருந்தது. நல்லதாகவே இருந்தது. வீட்டுக்காரரே பின்வாசலைத் திறந்து ஆளை உள்ளே அழைத்துப் போகும்போது வாசலில் நிற்பவர் என்ன செய்வார்? எனவே எது நல்ல என்டிவைரஸ் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திரும்பிக் கேட்கும் முதல் கேள்வி, “வீட்டில் யார் அதை நிறுத்துகிறார்கள்?” என்பதுதான்.

சில வேளை நிறுத்தியவர் வீட்டில் இருப்பதில்லை. கொவிட் காலத்தில் சூம் வகுப்புக்காக எங்கள் பக்கத்தில் பல வீடுகள் பாவித்த மடிக்கணினிகளை வாங்கின. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒழுங்கையில் ஆறேழு கணினிகளைத் திறந்து பார்த்தேன். அவற்றில் மூன்றில் டிஃபென்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பட்டியலில் முழு ‘சி’ டிரைவும் எழுதப்பட்டிருந்தது. அதாவது, “இந்த வீட்டைக் காவல் செய், ஆனால் வீட்டைப் பார்க்காதே.” விற்றவர்கள் விண்டோஸைக் களவாக இயக்கப் போட்ட கருவியை டிஃபென்டர் பிடித்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. உங்கள் வீட்டிலும் பாருங்கள். ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’ என்று தேடித் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் அமைப்புகளுக்குள் கீழே போனால் அந்தப் பட்டியல் இருக்கும். காலியாக இருக்க வேண்டும். ‘ரியல்-டைம் புரொடெக்ஷன்’, ‘டேம்பர் புரொடெக்ஷன்’ இரண்டும் இயங்க வேண்டும். ‘கன்ட்ரோல்ட் ஃபோல்டர் எக்ஸஸ்’ என்ற ஒன்று இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். இயக்கினால் தெரியாத நிரல்கள் உங்கள் படக் கோப்புறையில் கைவைக்க முடியாது. சில நல்ல நிரல்களையும் அது தடுத்துக் கொஞ்சம் எரிச்சலூட்டும். நான் இயக்கித்தான் வைத்திருக்கிறேன். காவல் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ‘ஐகார்’ என்ற 68 எழுத்துக் கோப்பு உண்டு. அது வைரஸ் அல்ல. எல்லா என்டிவைரஸ்களும் பிடிக்க வேண்டும் என்று உலகமே ஒத்துக்கொண்ட பாவனை வைரஸ். பதிவிறக்கும்போதே தடுக்கப்பட்டால் சந்தோசப்படுங்கள்.

விண்டோஸின் வயதையும் பாருங்கள். 2017 மே 12 ஆம் திகதி ‘வன்னாகிரை’ உலகெங்கும் வைத்தியசாலைகளைக்கூட முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வந்துவிட்டிருந்தது, போடாதவர்கள் அகப்பட்டார்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. டிஃபென்டரின் பட்டியல் மட்டும் 2028 ஒக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்கிறார்கள், ஆனால் சுவரில் விழும் புதிய ஓட்டைகளை அது அடைக்காது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மேலதிகமாகப் பெறலாம். பழைய மடிக்கணினி விண்டோஸ் 11 ஐ ஏற்காவிட்டால், பாடத்துக்கும் பத்திரம் தட்டச்சுக்கும் மட்டும் பாவிக்கும் வீடுகள் இலவச லினக்ஸ் ஒன்றுக்கு மாறுவதையும் யோசிக்கலாம். இரண்டு நாள் தடுமாற்றம், பிறகு பழகிவிடும்.

பெண் பிள்ளைகளாகிய எமக்கு இன்னொரு கவலை உண்டு. படம் அழிவதை விட, படம் வெளியே போவது. வீட்டுக்குள், கல்யாண வீட்டின் பெண்கள் பகுதியில், தலை மூடாமல் எடுத்துக்கொண்டவை. கோப்பைப் பூட்டும் நிரல்களோடு கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களும் சேர்ந்தே வருவதுண்டு. நானாவின் வீட்டில் எல்லோரும் வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், பேஸ்புக் கடவுச்சொற்களை மாற்றியது அதனால்தான். திருத்தக் கொடுக்கும் கணினியில் அப்படங்களை விட்டுவைப்பதை எந்த என்டிவைரஸும் தடுக்காது. கொடுக்க முன்னர் வேறொரு வட்டுக்கு மாற்றிவிடுங்கள். மிரட்டல் வந்தால் காசு அனுப்பாதீர்கள், ஒளிக்காதீர்கள். இலங்கை கணினி அவசர பதிற்செயற் குழுவை 101 இல் அழைக்கலாம், பெண்களுக்கென்றே ‘ஹிதவதி’ சேவையும் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் எம் பக்கமே நிற்கிறது.

கடைசியாகக் காப்புப்பிரதி. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவையை இதே போன்ற பூட்டும் நிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்குத் தனியான காப்புப்பிரதி இருக்கவில்லை. இணைந்திருந்த காப்பு முறைமையும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அரசுக்கே அப்படி என்றால், என்டிவைரஸுக்குக் கொடுக்க நினைத்திருந்த வருடக் காசில் சிறிது சேர்த்து ஒரு வெளி வன்தட்டு வாங்குவதே என் சிபாரிசு. அதைக் கணினியிலேயே குத்தி வைத்திருந்தால் பயனில்லை, அதுவும் பூட்டப்படும். எங்கள் வீட்டில் ஜும்ஆவுக்கு வாப்பா போகும் நேரம் உம்மா அலுமாரியிலிருந்து வன்தட்டை எடுத்துத் தருவார். வாரத்தில் சேர்ந்ததைப் பிரதி எடுத்து, கழற்றி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நானாவின் வீட்டிலும் இப்போது ஒன்று இருக்கிறது. பூட்டிய படங்களையும் அழிக்காமல் அதில் ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறார்கள். இத்தகைய நிரல்களை நடத்தியவர்கள் பிடிபடும்போது சில வேளை திறப்புகள் வெளிவருவதுண்டு என்று நான்தான் சொன்னேன்.